விமான அறையும் தறிக்கூடமும்: ஓசையை அடக்கும் பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சில திங்களுக்கு முன், எம் சரகத்திலுள்ள ஒரு விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். கணக்குகள் செம்மையாக இருந்தன. இருப்பும் பேரேடும் ஒத்து வந்தன. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது மட்டும் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டோம். “விமானங்களில் உபயோகிக்கப்படும் எடை குறைந்த ஓசைத் தடுப்புத் தகடுகளை வாங்கித் தறிக்கூடத்தின் உட்சுவர் முழுவதும் ஒட்டுவது” என்பது அத்தீர்மானத்தின் சாரம்.

காரணம் கேட்டோம். தறியோசையால் பக்கத்து வீட்டார் உறங்க முடியவில்லை என்று புகார் செய்திருக்கின்றனர். அதற்கும் மேலாக, அங்கத்தினருள் மூத்தவர் சிலருக்குக் காது மந்தமாகி வருகிறது. இவ்வேளையில் ஒரு விற்பனையாளர் வந்து, முட்டைத் தட்டுப் போன்ற மேடுபள்ளங்களுடைய கரிய நுரைப்பஞ்சுத் தகடு ஒன்றைக் காட்டிச் சென்றிருக்கிறார். சங்கத் தலைவர் அதை எம்மிடம் கொடுத்து, “விமானத்துக்கே இதைத்தான் போடுகிறார்களாம், ஐயா. ஆகாயத்தில் பறப்பதற்கு ஆகும் பொருள் நம் கொட்டகைக்கு ஆகாதா?” என்றார்.

நியாயமான கேள்வி. அங்கத்தினர்களின் காதும், சங்கத்தின் பொதுநிதியும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகவே, விமானத்தில் ஓசையை எவ்வாறு அடக்குகிறார்கள் என்பதை முதலில் ஆராய்ந்து, அதில் நமக்கு உதவுவது எது, உதவாதது எது என்று பிரித்துக் காட்ட இக்கட்டுரையில் முயல்கிறோம்.

பெரிய பயணி விமானங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றைச் செய்யும் நிறுவனங்களுக்குச் சோதனைச் சாலைகளும் வல்லுநர்களும் உண்டு. நமக்குப் பாடம் சொல்லக்கூடியவர், தம் கொட்டகையிலேயே சொந்தக் கையால் சிறு விமானம் கட்டுபவர். நம் சங்கத்தைப் போலவே அவருக்கும் பணம் சொற்பம். சோதனைச் சாலை கிடையாது. எதை வாங்குவது என்பதைத் தாமே யோசித்து முடிவு செய்யவேண்டும்.

வீட்டிலே விமானமா?

வீட்டில் விமானம் கட்டுவதா என்று சிலர் வியக்கலாம். அமெரிக்காவில் இத்தகையோர் 1953-ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். பர்ட் ருட்டான் என்னும் வடிவமைப்பாளர் 1970-களில் ஒரு முறையைப் பரப்பினார். இலேசான கெட்டி நுரைப் பொருளை வேண்டிய வடிவில் அறுத்து, அதன்மீது கண்ணாடி நூலால் நெய்த துணியைப் போர்த்திப் பிசின் பூசி இறுகச் செய்வதே அம்முறை. தறியில் நெய்த துணியே விமானத்தின் உடலாகிறது என்பது நெசவாளராகிய நம் அங்கத்தினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நாட்றம்பள்ளியிலிருந்து நூறு மைலுக்குள் இருக்கும் பெங்களூரில், தேசிய விமான ஆய்வுக்கூடத்தாரும் ருட்டானின் ‘லாங் ஈசி’ என்னும் வடிவத்தைத் தழுவிய ஆராய்ச்சி விமானம் ஒன்றைக் கட்டி 1987-இல் பறக்கவிட்டனர்.

தனி மனிதர்களும் நம் நாட்டில் இம்முயற்சியில் வென்றிருக்கின்றனர். மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். அது 2016-இல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு 2017-இல் பதிவும் பெற்றது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ், செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். அவர் தம் கையால் கட்டிய சிறு விமானம் 2014-இல் நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள மணிமுத்தாறில் பறந்தது.

இவ்வகைச் சிறு விமானங்களின் அறைக்குள் பறக்கும்போது எழும் ஓசை பொதுவாக 90 முதல் 100 டெசிபெல் வரை இருக்கும். நம் விசைத்தறிக் கூடங்களின் ஓசையும் ஏறத்தாழ இதே அளவினதே. டெசிபெல் கணக்கு சாதாரணக் கணக்கன்று என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். 3 டெசிபெல் கூடினால் ஓசையின் சக்தி இரு மடங்காகும்; 10 கூடினால் பத்து மடங்காகும்.

எடையின் கணக்கு

ஓசையைத் தடுக்கும் பொருள்களுள் மிகப் பழமையானதும் உறுதியானதும் எடையே. கனமான சுவர் எளிதில் அசையாது. அசையாத சுவரின் வழியே ஓசை எளிதில் புகாது. ஒரு தடுப்பின் எடையை இரட்டித்தால் அது தடுக்கும் ஓசை ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும் என்பது விதி.

விமானம் கட்டுபவர்க்கு இவ்விதியே பெருந்துன்பம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறையின் சுற்றுத்தகடு 0.8 மில்லிமீட்டர் அலுமினியம் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு எடை சுமார் 2.2 கிலோ. இருவர் அமரும் அறைக்கு 6 சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொள்வோம். 6 டெசிபெல் குறைப்பதற்கு எடையை இரட்டிக்கவேண்டும். அதாவது 13 கிலோ ஏறும். 12 டெசிபெல் குறைப்பதற்கு எடையை நான்கு மடங்காக்கவேண்டும். ஏறும் எடை 39 கிலோ. அது சுமார் 54 லிட்டர் பெட்ரோலின் எடையாகும். மணிக்கு 18 லிட்டர் எரிக்கும் சிறு எஞ்சினுக்கு அது மூன்று மணி நேரப் பயணம்! காதுக்குச் சிறிது அமைதி வாங்க மூன்று மணி நேரப் பறத்தலை விற்கவேண்டும் என்றால் யார் உடன்படுவர்? இக்காரணத்தாலேயே அவர் எடை குறைந்த பொருளைத் தேடி அலைகிறார்.

இங்கே நம் அங்கத்தினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எடை விமானத்துக்குப் பகை. நம் தறிக்கூடத்துக்கோ அது நட்பு. நம் கூடம் பறக்கவேண்டியதில்லை. செங்கல்லும் மண்ணும் நமக்கு அருகிலேயே கிடைக்கின்றன. இருபுறமும் பூச்சுப் பூசிய ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் அளவுக்கு ஓசையைத் தடுக்கும். எந்த விமானத்தாலும் இச்சுவரைச் சுமக்க முடியாது. அவர் இல்லாமையால் தேடுவதை, இருப்பவராகிய நாம் விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்பதே முதற் கேள்வி.

பஞ்சின் கணக்கு

இலேசான பஞ்சும் நுரையும் பின் எதற்கு என்று கேட்கலாம். அவை ஓசையைத் தடுப்பதில்லை, உறிஞ்சுகின்றன. நாரின் நுண்ணிய இடுக்குகளில் காற்று அதிர்ந்து உராயும்போது ஓசையின் சக்தி மிகச் சிறிதளவு வெப்பமாக மாறுகிறது. தடுப்பது வேறு, உறிஞ்சுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதாலேயே பலர் பணத்தை இழக்கின்றனர்.

உறிஞ்சும் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. அது நன்கு வேலை செய்யவேண்டுமானால், அதன் கனம் ஓசை அலையின் நீளத்தில் கால் பங்காவது இருத்தல் வேண்டும். இரண்டு அலகுகள் கொண்ட விமானச் சுழலி நிமிஷத்துக்கு 2700 முறை சுழன்றால், விநாடிக்கு 90 அதிர்வு எழும். நான்கு உருளை எஞ்சினின் வெடிப்பும் அதே வேகத்தில் விநாடிக்கு 90 தான். இந்த ஆழ்ந்த முழக்கத்தின் அலை நீளம் சுமார் 3.8 மீட்டர், அதில் கால் பங்கு மூன்றடிக்கு மேல். மூன்றடிப் பஞ்சைத் திணித்தபின் விமானத்தில் உட்காருவதற்கு இடம் ஏது? ஓர் அங்குலப் பஞ்சு இம்முழக்கத்தை ஏறெடுத்தும் பாராது. விநாடிக்கு 2000 அதிர்வுள்ள கீச்சொலிக்கோ கால் பங்கு 4 சென்டிமீட்டரே. அதைப் பஞ்சு நன்றாக விழுங்கிவிடும்.

இவ்வரலாற்றில் நம் விவசாயிகளுக்குப் பழக்கமான இலவம் பஞ்சுக்கும் ஓரிடம் உண்டு. 1920-களில் அமெரிக்கப் பயணி விமானங்களில் ஓசை தாங்காமல், காதில் வைத்துக்கொள்ளப் பயணிகளுக்குப் பருத்திப் பஞ்சு கொடுத்தனர். 1930-களில் டக்ளஸ் நிறுவனத்தார் தம் புதிய விமானங்களின் அறையை அமைதியாக்க முற்பட்டபோது எஞ்சினை ரப்பர் மீது இருத்தினர். தரையில் கம்பளம் விரித்தனர். சுவருக்குள் ஓசை உறிஞ்சும் பொருளை வைத்தனர். அக்காலத்து விமானங்களில் அவ்வாறு உபயோகிக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று இலவம் பஞ்சு மெத்தை. இலவம் நார் உள்ளீடற்ற குழல் போன்றது, பெரும்பகுதி காற்றே. மெழுகுப் பூச்சு இயற்கையாக இருப்பதால் நீரும் எளிதில் ஒட்டாது. ஆயினும் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு: தீப்பொறி பட்டால் கணத்தில் பற்றும். 1930-களின் இறுதியில் கண்ணாடி நார்ப் பஞ்சு பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியதும் இலவம் பஞ்சு விமானத்தை விட்டு இறங்கிற்று. இலவு காத்த கிளி ஏமாந்தது போல், விமானத்துக்கு இலவம் பஞ்சு விற்கலாம் என்று இன்று யாரும் காத்திருக்கவேண்டாம்.

துளையும் அதிர்வும்

அனுபவமுள்ள விமானக் கட்டுநர் பொருள் வாங்கக் கடைக்குப் போகுமுன் துளைகளைத் தேடுவார். எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவேயுள்ள தடுப்பில் கம்பிகளும் குழாய்களும் நுழையும் ஓட்டைகள், கதவின் விளிம்பு, காற்று வரும் வழி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடைப்பார். காரணம் எளிது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அச்சுவர் எவ்வளவு உயர்ந்ததாயினும் மொத்தத்தில் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்க இயலாது. முப்பதடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள நம் தறிக்கூடச் சுவரில் மூன்று சதுர அடி ஜன்னல் ஒன்று திறந்திருந்தால், 50 டெசிபெல் தடுக்கவேண்டிய செங்கற்சுவர் 20 டெசிபெல் சுவராகிவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் மொண்ட கதைதான். ஓட்டையை அடைக்கும் ரப்பர் பட்டைக்கு எடையும் சொற்பம், விலையும் சொற்பம்.

அடுத்தது அதிர்வு. மெல்லிய தகடு தாளத்தின் தோல் போலத் தானே அதிர்ந்து ஓசையைப் பெருக்கும். அதன் நடுப்பகுதியில் பிசுபிசுப்பான ரப்பர்ப் பட்டையை ஒட்டி, அதன்மீது மெல்லிய அலுமினியத் தாளைப் பதித்தால் அதிர்வு அடங்கும். தகடு முழுவதையும் மூடவேண்டியதில்லை. நடுவில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை ஒட்டினாலே பெரும்பயன் கிட்டிவிடும். எஞ்சிய இடத்தையும் மூடுவது எடையை ஏற்றுமேயன்றி ஓசையை அந்த விகிதத்தில் இறக்காது. சங்கத்தின் செலவினத்துக்கும் இது பொருந்தும் விதியே.

நெருப்பு: இதில் விட்டுக்கொடுத்தல் இல்லை

இதுகாறும் கூறியவை வசதியைப் பற்றியவை. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது.

1998-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்ஏர் 111 விமானம் கனடா நாட்டுக் கரைக்கு அருகே கடலில் வீழ்ந்து 229 பேரும் மாண்டனர். மின்கம்பியில் எழுந்த பொறி, விமானத்தின் வெப்பத் தடுப்பு, ஓசைத் தடுப்பு மெத்தைகளைப் போர்த்தியிருந்த உலோகப் பூச்சுள்ள மெல்லிய படலத்தைப் பற்றிப் பரவியதாக விசாரணை கூறிற்று. உள்ளிருந்த நார் எரியாததாயினும், போர்வை எரிந்தது. 2003-இல் அமெரிக்க விமான நிர்வாகம் இத்தகைய மெத்தைகளுக்குப் புதிய தீச்சோதனையை விதித்தது.

தரையிலும் பாடம் உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஓர் இசைக்கூடம் இருந்தது. ஓசை மிகுதி என்று அண்டை வீட்டார் முறையிட்டதனால், அதன் உரிமையாளர் சுவரில் பாலியூரிதேன் நுரைப்பஞ்சை ஒட்டினர். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி அதில் பட்டது. சில நிமிஷங்களில் கூடம் முழுவதும் தீயும் நச்சுப்புகையும் சூழ்ந்தன. இறந்தோர் தொகை 100.

அண்டை வீட்டார் புகார், சுவரில் நுரைப்பஞ்சு என்று வாசித்தபோது எம் மனம் தறிக்கூடத்தை எண்ணிற்று. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி எங்கும் படிந்திருக்கிறது. மோட்டாரும் மின்கம்பியும் இருக்கின்றன. வாசல் பெரும்பாலும் ஒன்றே.

ஆகவே விற்பனையாளர் விட்டுச் சென்ற மாதிரித் துண்டைச் சங்கத்தின் வெளி முற்றத்துக்குக் கொண்டு சென்றோம். அருகே ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, சிறு துண்டைக் குறட்டில் பிடித்துக் கீழிருந்து தீ காட்டினோம். பயணி விமானத்தின் உட்பொருளுக்கு நடத்தும் சோதனைகளுள் ஒன்றில், 12 விநாடி சுடர் காட்டி விலக்கியபின் பொருள் 15 விநாடிக்குள் தானே அணைய வேண்டும். ஒழுகும் துளி 5 விநாடிக்கு மேல் எரியக்கூடாது. எம்மிடமிருந்த துண்டோ மூன்றெண்ணுமுன் பற்றிக்கொண்டது; எரியும் துளிகள் ஒழுகின; அணைக்கத் தண்ணீரே வேண்டியதாயிற்று. “விமானத்துக்குப் போடும் பொருள்” என்ற பேச்சு அத்துடன் முடிந்தது. சங்கத் தலைவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “இரவுப் பாளியில் என் மகனும் உள்ளேதான் இருக்கிறான்” என்றார்.

பொருள்களின் குணமும் குற்றமும்

விமானம் கட்டுபவர் முன்னுள்ள பொருள்களை நம் அங்கத்தினர் அறியும் பொருட்டுச் சுருக்கமாகத் தருகிறோம்.

கண்ணாடி நார்ப் பஞ்சு: விமானத்துக்கென்று செய்வது கன மீட்டருக்கு 10 கிலோவுக்கும் குறைவு. நார் எரியாது. ஆனால் போர்வையின்றி வைத்தால் நார் பறந்து தோலையும் மூச்சையும் உறுத்தும். போர்வையும் எரியாததாக இருக்கவேண்டும்.

மெலமைன் நுரை: இதுவும் கன மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. 6 சதுர மீட்டர் அறைக்கு ஓர் அங்குலக் கனத்தில் ஒன்றரைக் கிலோவே ஆகும். எளிதில் தீப்பற்றாது, உருகி ஒழுகாது. எளிதில் உதிர்வதும் நீரை ஏற்பதும் குறைகள்.

மூடிய கண்ணுள்ள ரப்பர் நுரை: நீர் ஏறாது, வெப்பத்தைத் தடுக்கும், அதிர்வையும் ஓரளவு தணிக்கும். காற்று நுழையாததால் ஓசையை உறிஞ்சுவது குறைவு.

சாதாரண மெத்தை நுரைப்பஞ்சு: உறிஞ்சும், விலை மலிவு. தீயின் முன் அதுவே எமன். தீத்தடுப்புச் சான்று இல்லாத நுரைப்பஞ்சைத் தொடவே கூடாது.

கம்பளி: ஓசையை நன்கு உறிஞ்சும், இயற்கை நார்களுள் தீக்கு எளிதில் இரையாகாதது இதுவே. கனமும் விலையும் மிகுதி.

பருத்திக் கழிவும் தென்னை நாரும்: அழுத்திப் பலகையாக்கினால் நல்ல உறிஞ்சிகள். விமானத்துக்கு இவை கனம், ஈரமும் ஏற்கும். அலுமினியத் தகட்டின் அருகே ஈரம் தங்கினால் தகடு அரிக்கும். கட்டடத்துக்கு இக்குறைகள் பெரியனவல்ல. பருத்திப் பஞ்சைப் போரிக் அமிலமும் வெண்காரமும் சேர்த்துப் பக்குவம் செய்தால் தீப்பற்றும் தன்மை பெரிதும் குறையும்.

தோல்: வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்தினராகிய நாம் இதைக் கேட்காமல் இரோம். தோலுறை ஆசனம் அழகும் உழைப்பும் உடையது. ஆனால் காற்று புகாத வழவழப்பான பரப்பாதலால் ஓசையைத் திருப்பி அனுப்பும்; உறிஞ்சாது. ஓசைக்குக் கம்பளித் துணியே மேல்.

எப்பொருளாயினும் கையிலேயே செய்யத்தக்க மூன்று சோதனைகள் உண்டு. வாயை வைத்து ஊதிப் பாருங்கள்: மூச்சு சிறிது சிரமத்துடன் நுழைந்தால் அது உறிஞ்சும், நுழையவே இல்லையெனில் உறிஞ்சாது, தடையின்றி ஓடினாலும் பயன் குறைவு. நிறுத்து, நீரில் நனைத்து, வடியவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள்: எடை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஈரம் தங்கும். வெளியில் கொண்டுசென்று தீ காட்டிப் பாருங்கள். மூன்றாவதில் தோற்றது முதலிரண்டில் வென்றாலும் வேண்டாம்.

இறுதியில் காதுக்கே காப்பு

இவ்வளவும் செய்தபின்னும் சிறு விமானத்தில் அந்த 90 அதிர்வு முழக்கம் எஞ்சி நிற்கும். அதற்கு விடை சுவரில் அன்று, காதில் கிடைத்தது. வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவரின் மகனான பேராசிரியர் அமர் போஸ், 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது இவ்வெண்ணத்தைக் கொண்டார். வெளியோசையை ஒலிவாங்கியால் அறிந்து, அதற்கு நேர் எதிரான ஓசையைக் காதருகே எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதே அது. 1986 டிசம்பரில் ருட்டான் வடிவமைத்த ‘வாயேஜர்’ விமானத்தில் டிக் ருட்டானும் ஜீனா ஈகரும் எங்கும் இறங்காமல், இடையில் எண்ணெயும் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தனர். ஒவ்வொரு கிலோவும் எண்ணப்பட்ட அவ்விமானத்தில் அவர்கள் செவியைக் காத்தது போஸ் செய்த அந்த மாதிரிக் காதுக் கவசமே. பஞ்சு எங்கே தோற்கிறதோ அந்த ஆழ்ந்த முழக்கத்திலேயே இக்கருவி வெல்கிறது.

நம் தறிக்கூடத்துக்கு

இனி சங்கத் தலைவரின் கேள்விக்கு வருவோம். விமானத்துக்கும் தறிக்கூடத்துக்கும் அடிப்படையான ஒரு வேற்றுமை இருக்கிறது. விமானத்தில் ஓசை அறைக்கு வெளியே பிறக்கிறது. மனிதன் உள்ளே இருக்கிறான். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. தறிக்கூடத்திலோ ஓசையும் மனிதனும் ஒரே அறைக்குள் இருக்கின்றனர். நாடா அடிபடும் இடத்துக்கும் நெசவாளியின் காதுக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றுமில்லை. சுவரிலும் கூரையிலும் உறிஞ்சும் பொருளை ஒட்டினால் எதிரொலி 3 முதல் 6 டெசிபெல் குறையலாம். தறியிலிருந்து நேரே காதுக்கு வரும் ஓசை குறையாது. பக்கத்து வீட்டாருக்கும் அதனால் பெரும்பயன் இல்லை. ஏனெனில் இலேசான பஞ்சு ஓசையைத் தடுப்பதில்லை.

ஆகவே நாம் நிர்வாகக் குழுவுக்குச் சொன்ன யோசனை வரிசை இது.

முதலாவது, ஓசை பிறக்கும் இடத்தில் குறையுங்கள். தேய்ந்த பிக்கர், தளர்ந்த திருகு, கெட்டியாகிப்போன இடிதாங்கித் தோல் ஆகியவற்றை மாற்றுங்கள். எருமைத் தோல் பிக்கராயினும் நைலான் பிக்கராயினும் காலத்தில் மாற்றாவிடில் ஓசையும் கூடும், நூலும் அறும். தறியின் காலடியில் ரப்பர்த் தட்டு வையுங்கள்.

இரண்டாவது, அண்டை வீட்டுப் பக்கமுள்ள ஜன்னலையும் கூரைக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள இடைவெளியையும் செங்கல்லால் அடையுங்கள். காற்றோட்டத்துக்கு எதிர்ப்புறம் வழி விடுங்கள்.

மூன்றாவது, மீதமுள்ள பணத்தில் எல்லா அங்கத்தினருக்கும் நல்ல காதுக் கவசம் வாங்குங்கள். தறியின் ஓசையில் உயர்ந்த சுருதியே மிகுதி. அதைத் தடுக்கப் போஸின் விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காதை இறுக மூடும் சாதாரணக் கவசமே போதும். காதில் திணிக்கும் பருத்திப் பஞ்சு காப்பாகாது.

நான்காவது, எதிரொலியையும் குறைக்க விரும்பினால், தீத்தடுப்புப் பக்குவம் செய்த தென்னை நார்ப் பலகையைக் கூரைக்கடியில் அமைக்கலாம். வாங்குமுன் பெங்களூரிலுள்ள மத்திய கயிறு தொழில்நுட்ப நிலையத்துக்கு எழுதி யோசனை கேளுங்கள். நம் விவசாய அங்கத்தினரின் தென்னை நாருக்கு இத்தகைய வழியில் நல்ல விலை கிடைக்குமானால் அதுவும் கூட்டுறவின் பயனே.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி, 105-இல் 1 மணி என்று எல்லை குறைந்துகொண்டே வரும். 85 டெசிபெலிலேயே காப்பு வேண்டும் என்பது பல வல்லுநர் கருத்து. ஓசையால் கெட்ட செவி மருந்தால் மீள்வதில்லை. வலியின்றிப் போவதால் போனபிறகே தெரிகிறது.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. ஜன்னல் அடைக்கும் வேலையும் காதுக் கவசமும் சேர்ந்து, தகடுகளுக்கு ஒதுக்கிய தொகையில் பாதிக்குள் முடிந்தன. இளைஞர் சிலர் முதலில் கவசம் அணியக் கூசினர். காது மந்தமான முதிய நெசவாளர் ஒருவர், தாம் முதலில் அணிந்துகொண்டு தறியில் அமர்ந்தார். “எனக்கு இனி இதனால் பயனில்லை, தம்பிகளா. நீங்கள் பார்த்துப் போட்டுக்கொள்வதற்காகப் போடுகிறேன்” என்று அவர் உரக்கச் சொன்னதை அங்கிருந்த அனைவரும் கேட்டனர்.

விமானம் கட்டுபவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது அவர் வாங்கும் பொருளை அன்று. அவர் வாங்கும் முறையை. ஓசை எங்கே பிறக்கிறது, எவ்வழியே வருகிறது என்று முதலில் பார்க்கிறார். பின்னர் நிறுக்கிறார், ஊதுகிறார், தீயில் காட்டுகிறார். கடைசியிலேயே பணத்தை எடுக்கிறார். தனி ஒருவர் தம் உயிரின் பொருட்டு இவ்வளவு எச்சரிக்கை கொள்வாராயின், பலருடைய பணத்தையும் பலருடைய உயிரையும் பொறுப்பேற்றிருக்கும் சங்கம் எவ்வளவு எச்சரிக்கை கொள்ளவேண்டும்! ‘விமானத்துக்குப் போடுவது’ என்னும் பேச்சைக் கேட்டு மயங்காமல், மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி முற்றத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.